அழிந்த படங்களை மீட்கலாம்: ஆனால் முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள்!

கணினியில் இருந்த காதுகுத்துப் படங்கள் அத்தனையையும் தவறுதலாக அழித்துவிட்டீர்களா? இந்த வீடியோவையும் அதே கணினியில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? உடனே நிறுத்துங்கள். கைபேசியை எடுத்து அதில் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் வீடியோ பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் பிரவுசர் ஏதேதோ துண்டுகளை உங்கள் டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு துண்டு உங்கள் குழந்தையின் படம் இருந்த இடத்திலேயே போய் உட்காரலாம். உட்கார்ந்துவிட்டால், அந்தப் படத்தை மீட்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

கைபேசிக்கு மாறிவிட்டீர்களா? நல்லது, வாருங்கள்.

ரீசைக்கிள் பின்னைப் பார்த்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். விண்டோஸ் 95 காலத்திலிருந்து அது அதற்காகத்தான் இருக்கிறது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றில் வைத்திருந்த கோப்பு என்றால் அவற்றின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். ஷிப்ட் விசையைச் சேர்த்து அழுத்தி நீக்கியவர்களுக்கும், பென் டிரைவிலிருந்து நீக்கியவர்களுக்கும்தான் இனி வரும் பகுதி.

[திரையில்: ஒரு பட்டா, பெயரின் மேல் சிவப்புக் கோடு]

பட்டாவில் உங்கள் பெயரை அடித்துவிட்டால், நிலத்தில் நிற்கும் தென்னை மரம் சாய்ந்துவிடுமா? சாயாது. கோப்பை நீக்கும்போது நடப்பதும் இதுதான். ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்கின் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: பெயர், அளவு, எங்கே தொடங்குகிறது என்ற விவரம். 'நீக்கு' என்றதும் கணினி அந்தப் பதிவேட்டில்தான் கை வைக்கிறது. நிலம் புறம்போக்காகிவிடுகிறது, மரம் நின்றபடியே நிற்கிறது. ஆனால் புறம்போக்கு என்று ஆனபின் அடுத்து வருகிற எந்தக் கோப்பும் அங்கே வீடு கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் கையை எடுக்கச் சொன்னேன்.

[திரையில்: மெமரி கார்டின் உள்ளடக்கம் எண்களாக ஓடுகிறது]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறோம். 32 ஜிபி வரையிலான கேமரா கார்டுகளில் வழக்கமாக ஃபாட்32 என்ற கோப்பு முறை, அதாவது கோப்புகளை அடுக்கிப் பதிவேடு வைக்கும் முறை, இருக்கும். அதில் ஒரு படத்தை நீக்கினால், பதிவேட்டில் பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 229 என்ற எண்ணை எழுதுகிறது. கோப்பின் துண்டுகள் எந்த வரிசையில் கிடக்கின்றன என்ற குறிப்பையும் துடைத்துவிடுகிறது. படத்தின் ஒரு புள்ளியைக்கூடத் தொடுவதில்லை! 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5 என்ற பழைய இயங்குதளத்தில் 'அன்டெலீட்' என்ற கட்டளை இருந்தது. கோப்பை மீட்டுத் தரும், ஆனால் பெயரின் முதல் எழுத்து என்னவென்று உங்களிடமே கேட்கும். அதன் மேல்தான் 229 ஏறி உட்கார்ந்துவிட்டதே, பாவம், அதற்கு எப்படித் தெரியும்?

ஏன் 229? டாஸுக்கு முன்பு சிபி/எம் என்றொரு இயங்குதளம் இருந்தது. அந்தக் காலத்து 8 அங்குல ஃபிளாப்பிகள் புதிதாக வரும்போதே முழுக்க 229 நிரப்பப்பட்டு வந்தன. ஆகவே 229 என்றால் காலி இடம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஃபிளாப்பியைத் தொட்டுப் பார்த்தவர்கள் இன்று நம்மில் எத்தனை பேர்? ஆனால் அந்த எண் மட்டும் உங்கள் கேமராவுக்குள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் டிஸ்குகளில் உள்ள என்டிஎஃப்எஸ் முறையிலும் கதை ஏறத்தாழ இதேதான். பெயரின் எழுத்தை மட்டும் தொடுவதில்லை, இந்த வரி பயன்பாட்டில் இல்லை என்று பதிவேட்டில் குறித்துவிடுகிறது.

சரி, பதிவேடே பாழாகிவிட்டால்? அப்போதும் வழி உண்டு. கோப்புகளுக்குப் பிறவி மச்சம் இருக்கிறது! ஜேபெக் படம் எதுவானாலும் 255, 216, 255 என்ற மூன்று எண்களில்தான் தொடங்கும். 255, 217 என்று முடியும். மீட்பு மென்பொருள் பதிவேட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை இந்த எண்களுக்காகத் தடவிக்கொண்டே போகிறது. ஜிப் கோப்பைத் திறந்து பார்த்தால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. அந்த முறையை 1989இல் உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. 2007 முதல் வந்த வேர்டு, எக்செல் கோப்புகள் உள்ளுக்குள் ஜிப் கோப்புகள்தாம். ஆக, நேற்று நீங்கள் எழுதிய விடுப்புக் கடிதத்தின் தொடக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறது. விண்டோஸ் நிரல் கோப்புகளின் தொடக்கத்தில் எம், இசட்: மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர். தங்கள் பெயரெழுத்துகள் கோடிக்கணக்கான கணினிகளில் இப்படிக் கிடப்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

இனி கெட்ட செய்தி. உங்கள் மடிக்கணினியில் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற, சுழலும் தகடு இல்லாத சேமிப்பகம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பெரும்பாலும் பலிக்காது. எஸ்எஸ்டியில் பழைய எழுத்தின் மேல் நேரடியாகப் புதியதை எழுத முடியாது. அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதனால், எந்த இடம் காலியானது என்பதை இயங்குதளமே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. இதற்கு டிரிம் என்று பெயர். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. தகவல் போனதும் எஸ்எஸ்டி தன் வசதிப்படி அந்த இடத்தைச் சுத்தம் செய்துவிடும். பெயரை அடித்த கையோடு மரத்தையும் வெட்டுகிற தாசில்தார் அது! ஆனால் சாதாரண ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், கேமரா கார்டு என்றால் நம்பிக்கையோடு இறங்குங்கள்.

எதைக் கொண்டு மீட்பது? என் தேர்வு ஃபோட்டோரெக். பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கியது. முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்தான். பயப்படாதீர்கள். அழகான ஜன்னல் வேண்டும் என்றால் ரெகுவா. மைக்ரோசாஃப்டும் 2020இல் விண்டோஸ் ஃபைல் ரிகவரி என்ற இலவசக் கருவியைக் கொடுத்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கிடைத்த படத்தை முன்னோட்டமாகக் காட்டட்டும், பிறகு யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மென்பொருளை, படங்கள் இருந்த டிரைவில் நிறுவாதீர்கள். மீட்ட படங்களையும் அதே டிரைவில் சேமிக்காதீர்கள். டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்டாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிஸ்க் மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டுபோங்கள்.

[திரையில்: மீட்கப்பட்ட படங்களின் கோப்புறை]

ஃபோட்டோரெக் மீட்டுத் தரும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. நீளமான எண்கள்தான் இருக்கும். கலங்காதீர்கள். படம் எடுத்த தேதியைக் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். அதன்படி வரிசைப்படுத்தினால் காதுகுத்து நாள் ஒன்றாக வந்துவிடும். மேல்பாதி முகமும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமாக ஒரு படம் வந்தால், அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டிருக்கலாம், அல்லது படம் துண்டுதுண்டாகக் கிடந்திருக்கலாம். துண்டுகளாகக் கிடந்த படத்தை இன்னொரு மென்பொருள் ஒட்டித் தரவும் கூடும். ஒரு தடவை முயன்று பாருங்கள். அப்படிப் பாதிப் படம் வந்தவர்கள், எந்தக் கேமரா, எத்தனை ஜிபி கார்டு என்று கீழே எழுதுங்கள். துண்டுகளை ஒட்டுவதைப் பற்றி அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.