பதினாலாவது வளைவில் போட்ட பாட்டில்

நடுவர் அவர்களே, சேலத்துப் பெரியோர்களே, வணக்கம். சட்டம் போட்டால் சூழல் பிழைக்குமா, ஊர் கூடினால் பிழைக்குமா என்பது தலைப்பு. நான் ஊர் பக்கம்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "நாலு பேர் மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு நடந்தா துருவத்துப் பனி உருகுறது நின்னுடுமா? தட்டுவடை செட் வாங்கத்தான் அந்தப் பை ஆகும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டுவடை என்று கேட்டால் சேலத்துக்காரன் கை சும்மா இருக்குமா?

தம்பி, என் மச்சானும் உங்கள் கட்சிதான். குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. பதினாலாவது வளைவில் மச்சான் தண்ணீரைக் குடித்து முடித்தார். பாட்டில் மூடியை நன்றாகத் திருகினார். அதில் மட்டும் ரொம்பச் சுத்தம்! ஜன்னல் வழியாக வீசினார். "யாருங்க பாக்கப் போறா?" என்றார்.

மலைப்பாதையில் மேலே போட்டது எங்கே போகும்? கீழே இருக்கிற ரோட்டுக்குத்தான். பஸ் திரும்பி அடுத்த வளைவுக்கு வந்தது. படார்! டயர் வெடித்துவிட்டது என்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கைக்குழந்தை முதல் கைத்தடி வரை அத்தனை பேரும் இறங்கினோம். கண்டக்டர் குனிந்து பார்க்கிறார். டயருக்கடியில் அப்பளமாக நசுங்கிய பாட்டில்! அப்போது கூட்டத்தில் எல்லோரையும் விட உரக்கக் கத்தியது யார் தெரியுமா? என் மச்சான். "எவன்டா இதப் போட்டவன்?"

மூடி மட்டும் கழன்று உருண்டு வந்து அவர் செருப்பில் முட்டி நின்றது, நடுவர் அவர்களே.

14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லேயே தடை வந்துவிட்டது. சட்டம் பஸ் ஜன்னல் வரைக்கும் வருமா? பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடிக்க வேண்டாமா? 2010-ல் நம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் ஜனங்கள் இறங்கினார்கள். தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். பறவை வந்தது. துருவம் என்றீர்களே, ஓசோன் ஓட்டை அங்கேதான் விழுந்தது. 1987-ல் மாண்ட்ரீலில் நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டன, இன்று தேறி வருகிறது. அதுவும் சட்டம்தானே என்பீர்கள். சரி, கூடாமலா போட்டார்கள்?

இன்னும் ஒன்றே ஒன்று. மணியிலிருந்து கையை எடுங்கள், நடுவரே.

சேர்வராயன் மலையில் பிறந்து, நம் ஊர் நடுவே ஓடி, காவிரியில் சேருகிறது திருமணிமுத்தாறு. அதில் குளித்து ஈரச்சேலையோடு சுகவனேசுவரர் கோயிலுக்குப் போனவர் என் அம்மாயி. போன வருஷம் பாலத்தில் கொஞ்சம் நிற்கணும் என்றார். கீழே சாக்கடையும் சாய நுரையுமாகக் கறுத்துக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நானும் பொத்தினேன். அம்மாயி மட்டும் பொத்தவில்லை.

"நாத்தம் அடிக்கலையா அம்மாயி?"

"பெத்தவ சீக்கு வந்து கெடந்தா, மூக்கப் பொத்திக்கிட்டா பக்கத்துல நிப்பே?"

அடித்துக்கொள்ளுங்கள் மணியை.