"தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்ற பதில்

ஆசிரியர் பெருமக்களே, இதழியல் மாணவ மாணவியரே, வணக்கம்.

உலகின் முதல் இதழியல் கல்லூரி என்று தன்னைச் சொல்லிக்கொள்வது அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் கல்லூரி. 1908இல் தொடங்கியது. அங்கே முதுகலை படிக்க லூசில் புளுஃபோர்ட் என்ற பெண் விண்ணப்பித்தார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம் பெற்றவர். கன்சாஸ் சிட்டியில் கறுப்பின மக்களுக்காக வெளிவந்த 'தி கால்' பத்திரிகையில் பொறுப்பான இடத்தில் இருந்தவர். மதிப்பெண் சான்றிதழைப் பார்த்து அவருக்கு இடம் தந்துவிட்டார்கள். 1939 ஜனவரியில் பெயரைப் பதிவு செய்ய நேரில் போய் நின்றார். அப்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்பது தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் வழக்குத் தொடுத்தார். திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். 1942இல் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? முதுகலை இதழியல் படிப்பையே மூடிவிட்டது! போர்க்காலம், மாணவர்கள் குறைவு, ஆசிரியர்கள் குறைவு என்று காரணம் சொன்னார்கள். கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த லிங்கன் பல்கலைக்கழகத்தில் தனியாக ஓர் இதழியல் பள்ளி தொடங்கப்பட்டது. புளுஃபோர்டைத் திருப்பி அனுப்பிய அதே மிசௌரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1989இல்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1968க்கு வாருங்கள். முந்தைய கோடையில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் கலவரம் வெடித்து நெவார்க், டெட்ராய்ட் நகரங்கள் பற்றி எரிந்தன. காரணங்களை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், தன் அறிக்கையில் ஓர் அத்தியாயம் முழுவதையும் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் ஒதுக்கியது. செய்திப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் பதவிகளில் 1 சதவீதம்கூட இல்லை. கலவரம் வெடித்த அன்று அந்தத் தெருக்களுக்கு ஓடிய பத்திரிகைகள், அதற்கு முன்பு அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதியதே இல்லை. எழுதத் தெரிந்தவர் யாரும் அலுவலகத்தில் இல்லையே!

"தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்றார்கள் பத்திரிகை முதலாளிகள். நேற்றுவரை கதவை அடைத்து வைத்திருந்த தொழில் இப்படிச் சொல்வது எடுபடாது என்று ஆணையம் முகத்துக்கு நேரே சொன்னது. புளுஃபோர்டைவிடத் தகுதியானவர் யார் கிடைத்திருக்க வேண்டும் என்று நானும் கேட்கிறேன்.

அந்தப் பதிலை உடைத்தது கறுப்பினத்தவருக்கும் மற்ற சிறுபான்மையினருக்கும் நடத்திய ஒரு கோடைக்காலப் பயிற்சி வகுப்பு. அதே 1968இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சிபிஎஸ் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஃபிரெட் ஃபிரெண்ட்லி தொடங்கினார். ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. சில வாரங்களில் செய்தி சேகரிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்து நேரே வேலைக்கு அனுப்பினார்கள். 1974இல் அது நின்றது. ஆனால் அங்கே பாடம் நடத்திய பத்திரிகையாளர்கள் விடவில்லை. கலிபோர்னியாவில் பெர்க்லிக்கு அதைக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் மேனார்ட். பார்பேடோஸிலிருந்து குடியேறியவர்களின் மகன். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். 1983இல் 'ஓக்லண்ட் டிரிபியூன்' நாளிதழையே விலைக்கு வாங்கினார். பள்ளிச் சான்றிதழை மட்டும் பார்த்திருந்தால் இவரை எந்தக் கல்லூரி உள்ளே விட்டிருக்கும்?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். 1996இல் 'வாஷிங்டன் போஸ்ட்'டின் டெல்லிச் செய்தியாளராக இருந்த கென்னத் கூப்பர் கறுப்பினத்தவர். ஒரு தலித் பத்திரிகையாளரிடம் பேச வேண்டும் என்று மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 'பயனியர்' நாளிதழில் அதை வெளிப்படையாக எழுதினார். தன் நாட்டில் இதே புறக்கணிப்பை அறிந்த ஒருவர் கேட்ட பிறகுதான் நம் பத்திரிகை உலகுக்கு அந்தக் கேள்வியே எழுந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆகவே இந்தத் துறையின் ஆசிரியர்களிடம் என் கோரிக்கை இது. முதலில், உதவித்தொகையைக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள்; அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள். சம்பளமில்லாத இரண்டு மாதப் பயிற்சிக்குச் சென்னையிலோ டெல்லியிலோ தங்க, கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளையால் முடியாது. பயிற்சிக்கு மாணவரை அனுப்பும் ஒவ்வொரு பத்திரிகையிடமும், தொலைக்காட்சியிடமும், "எங்கள் மாணவருக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைச் சேர்க்கைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.