தொப்பூர் ஏன் "தெரப்பூர்" ஆச்சு? உங்க பையன் மக்கு இல்லங்க!

(திரையில் பஸ் போர்டு: தருமபுரி – தொப்பூர் – சேலம்)

வணக்கம் மக்களே! தருமபுரி பஸ் ஸ்டாண்டு, நானும் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற எங்கக்கா பையனும் நிக்கிறோம். தூரத்துல வர்ற பஸ்ஸ பாத்ததுமே "மாமா, சேலம் பஸ்ஸு"ன்னு கத்துறான். அட, படிக்கிறானேன்னு எனக்கு ஒரே பெருமை. கிட்ட வந்ததும் போர்டுல நடு பேரை காட்டி இது என்னடான்னேன், உத்து உத்து பாத்துட்டு "தெரப்பூர்"ன்னான்.

அப்ப சேலம்னு எப்படிடா சொன்ன? கண்ணாடில முருகர் ஸ்டிக்கர் இருக்குல்ல மாமா!

சிரிக்காதீங்க, எல்லா குழந்தையும் இப்படித்தான் ஆரம்பிக்குது. எழுத்தே பாக்காம கலரு, படம், வடிவத்த வச்சு அடையாளம் புடிக்கிறது முதல் படி, எழுத்த சத்தத்தோட கோக்குறது அதுக்கப்புறம்தான் வரும்னு லின்னியா ஈரின்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் கட்டம் கட்டமா பிரிச்சு வச்சிருக்காங்க.

இப்ப நம்ம தெரப்பூருக்கு வருவோம், இந்த வீடியோ போட்டதே இதுக்குத்தான்.

(திரையில் பெருசா: தொ)

கண்ணு இடப்பக்கத்துலருந்து போகுது. முதல்ல ஒற்றைக்கொம்பு, அப்புறம் த, கடைசில துணைக்கால். ஆனா வாய்ல முதல்ல வரவேண்டியது த் சத்தம், அதுக்கப்புறம்தான் ஒ. ஒரே ஒரு ஒ, அத ரெண்டா வெட்டி த-வுக்கு முன்னாடி பாதி பின்னாடி பாதி வச்சிருக்கோம்! போதாததுக்கு துணைக்காலும் ர-வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. பையன் என்ன பண்ணான், கொம்பும் த-வும் சேந்து "தெ", அடுத்து "ர". லாஜிக் பக்கா பாஸ்! கௌசல்யாவ "கெளசல்யா"ன்னு படிக்கிறதும் இதே கதைதான். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்ப லை, ணை-க்கெல்லாம் இருந்த யானத் தும்பிக்கைய எடுத்தாங்க, கொம்ப மட்டும் யாரும் தொடல.

இன்னொன்னு பாருங்க, அதே போர்டுலயே தருமபுரிக்கும் த, தொப்பூருக்கும் த. வாய்விட்டு சொல்லிப் பாருங்க, ரெண்டும் ஒரே சத்தமா? இல்லல்ல! காதுல ஏற்கனவே அந்த ஊர் பேரு இருக்கறதாலதான் நாம சரியா சொல்றோம். கிருஷ்ணகிரிக்காரங்க நிலைமை இன்னும் மோசம், 247 எழுத்தையும் மனப்பாடம் பண்ணாலும் சொந்த மாவட்டத்த எழுத முடியாது, ஷ் அந்த கணக்குலயே இல்ல.

வாசிக்க எப்படி சொல்லிக் கொடுக்கறதுன்னு நடக்குற தியரி சண்டைய வேகமா சொல்லிடறேன். 1967ல கென்னத் குட்மேன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், வாசிப்புங்கறதே ஒரு ஊகிக்கிற விளையாட்டுதான்னாரு. 2000ல நேஷனல் ரீடிங் பேனல்ங்கற அமெரிக்க நிபுணர் குழு, எழுத்து-சத்தத்த முறையா சொல்லிக் கொடுத்தா பலன் இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்துச்சு. என் ஓட்டு ரெண்டாவதுக்கு, ஊகிச்சா முருகர் ஸ்டிக்கர்தான் மிஞ்சும்.

1986ல கஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு போட்டாங்க: எழுத்துக்கூட்டற திறமை பெருக்கல் பேச்ச புரிஞ்சுக்கிற திறமை, அதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லங்க, பெருக்கல்! எது பூஜ்ஜியமானாலும் விடை பூஜ்ஜியம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசுற புள்ள, தமிழ் பாடத்த தடங்கலில்லாம வாசிச்சுட்டு அர்த்தம் கேட்டா முழிக்கும். அதுக்கு எழுத்துப் பயிற்சி குடுத்து என்ன பண்றது, தமிழ்ல கதை பேசுங்க.

அப்ப டிஸ்லெக்ஸியா? புத்தி நல்லா இருக்கும், பேச்சு நல்லா இருக்கும், எழுத்த சத்தத்தோட கோக்குற இடத்துல மட்டும் முட்டும். 1896லயே பிரிங்கிள் மார்கன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் 14 வயசு பெர்சிய பத்தி எழுதினாரு. சொந்தப் பேரயே "ப்ரெசி"ன்னு எழுதுற பையன். பாடமெல்லாம் வாய்மொழியாவே இருந்தா இவன்தான் ஸ்கூல்லயே கெட்டிக்காரன்னு அவன் வாத்தியார் சொல்லிருக்காரு.

ஒரு தடவ தெரப்பூர்னதுக்கே டிஸ்லெக்ஸியான்னு பயந்துடாதீங்க, சின்ன வயசுல இதெல்லாம் சகஜம். சொல்லிக் கொடுத்தும் மாசக்கணக்கா அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் இருக்கு, சர்ட்டிபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம் கேக்கலாம். பத்தாங்கிளாஸ் வந்தப்புறம் ஓடாதீங்க. "பத்து தடவ எழுது"ன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, பத்து தடவ படம் வரைவான், அவ்ளோதான்.

இப்ப வீட்ல இருக்கற வாண்டுகிட்ட "ஒகேனக்கல்"னு எழுதிக் காட்டுங்க. அருவி படம் கூட வைக்கக்கூடாது. என்ன படிச்சதுன்னு கமெண்ட்ல போடுங்க, எங்க வீட்ல வந்த பதில நான் பின் பண்ணி வச்சிருக்கேன்.