மாசம் 15 யூரோவுக்கு ஒரு சொந்த வீடு

எல்லாருக்கும் வணக்கங்க. நான் சின்ன வயசுல இருந்து வாடகை வீட்டுலயே வளர்ந்தவன், ஒவ்வொரு தடவ வீடு மாறும்போதும் அட்வான்ஸுக்காக அம்மாவோட கம்மல் அடகுக் கடைக்குப் போறதப் பாத்தவன், அதனால இந்த ஊரப் பத்தி முதல்ல படிச்சப்போ என் மனசுல ஒட்டிக்கிட்டது ஒரே ஒரு நம்பர்தான். மாசம் 15 யூரோ. அதுவும் வாடகை இல்லைங்க, சொந்த வீட்டுக்குக் கட்டற தவணை.

ஊர் பேரு மாரினாலேதா. ஸ்பெயினோட தெக்கால அந்தலூசியாவுல, செவில் மாகாணத்துல இருக்கு, ஜனத்தொகை மூவாயிரத்துக்கும் கம்மிதான். அங்க ஒரு வீடுன்னா 90 சதுர மீட்டர், நம்ம கணக்குல 970 சதுர அடி கிட்ட வரும், மூணு பெட்ரூம், பின்னாடி கொல்லையும் உண்டு. இடம் ஊராட்சி குடுத்துச்சு, ஆர்க்கிடெக்ட்டுக்கும் காசு வாங்கல, செங்கல் சிமெண்ட் சாமானுக்கு மாநில அரசு பணம், வீடு வேணுங்கற குடும்பம் குடுக்க வேண்டியிருந்தது உழைப்பு, கிட்டத்தட்ட 450 நாள் வேல. கொத்தனாரோட சேந்து கல்லு தூக்கினாங்க, கலவை போட்டாங்க. வேல நடந்தப்போ எந்த வீடு யாருக்குன்னு யாருக்குமே தெரியாதாம், முடிஞ்சப்புறம்தான் பிரிச்சுக் குடுத்தாங்க, அப்போ எந்தச் சுவத்தையும் ஏனோதானோன்னு பூச மனசு வராது பாருங்க. இதப் படிச்சப்போ எனக்கு நெஜமாவே கண்ணு கலங்கிடுச்சு. வீட்டைக் கட்டிப்பார்னு நம்ம ஊருல பயமுறுத்தித்தான் சொல்லுவாங்க, அங்க ஊரே சேந்து கட்டிச்சு.

இப்படி 350 வீடு வரைக்கும் கட்டிருக்காங்க. ஒரு கண்டிஷன், லாபத்துக்கு விக்கக் கூடாது. 2008க்கு அப்புறம் ஸ்பெயின் பூரா பேங்க் லோன் கட்ட முடியாம குடும்பம் குடும்பமா தெருவுக்கு வந்தப்போ இந்த ஊரு தாக்குப் பிடிச்சதுக்கு அந்தக் கண்டிஷன் ஒரு பெரிய காரணம்னு நான் நெனக்கறேன்.

ஆனா வீடு பாதிக் கதைதாங்க. மலிவா வீடு குடுத்துட்டா ஊரு பொழச்சுக்கும்னு நெனக்கறவங்க கிட்ட நான் சண்டையே போடுவேன், சாப்பாட்டுக்கு வழி இல்லாத ஊருல ஓசியில வீடு குடுத்தாலும் பூட்டு தொங்கும். எழுபதுகள்ல மாரினாலேதா அப்படித்தான் இருந்துச்சு. எல்லாரும் தினக்கூலி, சொந்தமா ஒரு சென்ட் நிலம் கெடையாது, ஆலிவ் பறிக்கற சீசன் முடிஞ்சா வேல இல்ல, பொழப்பு தேடி வெளியூரு வெளிநாடுன்னு போனவங்க நெறைய. ஸ்பெயினோட சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975ல செத்தப்புறம் 1979ல உள்ளாட்சித் தேர்தல் வருது, ஹுவான் மனுவேல் சான்செஸ் கோர்தியோ மேயர் ஆகறாரு. அடுத்த வருஷமே 700 பேர் உண்ணாவிரதம், பசிய எதுத்து பட்டினின்னு. அப்புறம் எல் உமோசோ பண்ணை. இன்ஃபந்தாதோ டியூக்குங்கற பிரபுவோட நிலம் அது. கூலிக்காரங்க போய் உக்காருவாங்க, போலீஸ் வந்து வெளியேத்தும், திரும்பவும் நடந்து போய் உக்காருவாங்க, இது வருஷக்கணக்கா நடந்துச்சு, கடைசியா 1991ல அரசு அதுல 1200 ஹெக்டேர் ஊருக்குக் குடுத்துச்சு, அதாவது 3000 ஏக்கர் கிட்ட.

நிலம் வந்ததும் அவங்க கூட்டுறவா சேந்து என்ன பயிர் வெச்சாங்கங்கறதுதான் நான் இன்னிக்கு முக்கியமா சொல்ல வந்தது. கோதுமையும் சூரியகாந்தியும் போட்டா மெஷின் வந்து அறுத்துட்டுப் போயிடும், ஆளுக்கு வேல இருக்காது. அதனால எந்தப் பயிருக்கு அதிகம் கை தேவைப்படுதோ அதத் தேடிப் போட்டாங்க, குடமிளகா, ஆர்ட்டிசோக்ங்கற காய், அவரை, கூடவே ஆலிவ். பறிச்சத அப்படியே லாரியில ஏத்தி அனுப்பாம ஊருலயே டப்பாவுல அடைக்கற ஃபேக்டரி போட்டாங்க, வயல்ல ஒரு பங்கு வேலன்னா ஃபேக்டரில இன்னொரு பங்கு. ஏக்கருக்கு எவ்வளவு லாபம்னு எல்லாரும் கேப்பாங்க, இவங்க ஏக்கருக்கு எத்தன நாள் கூலின்னு கேட்டாங்க. 2012 வாக்குல ஆறரை மணி நேரத்துக்கு 47 யூரோ, எல்லாருக்கும் ஒரே கூலி.

வேலையும் சேந்து வேணுங்கறதுக்கு இன்னொரு ஊரையும் பாருங்க, இத்தாலில கலாப்ரியா பக்கம் ரியாச்சேன்னு ஒரு ஊரு. 1998ல குர்து அகதிங்க படகுல வந்து எறங்கினாங்க, அந்த ஊருல டொமெனிகோ லுகானோன்னு ஒருத்தர் காலியா கெடந்த வீடுகள சரி பண்ணிக் குடிவெச்சாரு, அப்புறம் மேயரும் ஆனாரு, மூடின பள்ளிக்கூடம் திறந்துச்சு. அருமையான முயற்சி. ஆனா அது பெரும்பாலும் அகதிகளுக்கான அரசுப் பணத்துல ஓடிச்சு, 2018ல அந்தப் பணம் நின்னு அவரையும் கைது பண்ணதும் நெறைய பேர் ஊர விட்டுப் போயிட்டாங்க.

மாரினாலேதாவும் சொர்க்கம் இல்ல. வீட்டுச் சாமானுக்கு அரசாங்கத்த நம்பித்தான் இருந்துச்சு, எல்லா மாசமும் எல்லாருக்கும் கூட்டுறவுல வேல கெடைக்கல, பிரிச்சுத்தான் குடுத்தாங்க, ஒரே ஆள் 2023 வரைக்கும் 44 வருஷம் மேயரா இருந்தது எனக்கும் உறுத்தலாத்தான் இருக்கு. இதப் பத்தி எதிர்க்கருத்து இருக்கறவங்க தாராளமா பேசுங்க, மைக்க அந்தக் கடைசி வரிசைக்குக் குடுங்க, அந்த அக்கா ரொம்ப நேரமா கை தூக்கிட்டே இருக்காங்க.