மாவோரி மாணவர்கள் சொன்ன காரணம்

[காட்சி: நியூசிலாந்து வரைபடம். வடதீவில் ஹாமில்டன் நகரம் தெரிகிறது.]

நியூசிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று பல ஆண்டுகளாகப் பெரியவர்களே பேசிவந்தார்கள். 2001-ஆம் ஆண்டு, ஹாமில்டனில் உள்ள வைக்காட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரசல் பிஷப்பின் குழு அந்தக் கேள்வியை மாணவர்களிடமே கொண்டுபோனது. ஐந்து பள்ளிகளில், படிப்பில் ஈடுபாடு காட்டியவர்களும் ஆசிரியர்களிடம் கெட்ட பெயர் வாங்கியவர்களுமாகப் பதின்பருவத்தினர் பலர் மனம்விட்டுப் பேசினார்கள். பெற்றோரிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஆசிரியர்களிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது.

[காட்சி: கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் கைகள்.]

ஆசிரியர்களில் பெரும்பாலோர் மாணவரின் வீட்டையும் குடும்பச் சூழலையும் காரணமாகச் சொன்னார்கள். மாணவர்களோ வகுப்பறையைக் காட்டினார்கள். தங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆசிரியர் முயலாதது, மாவோரி என்பதாலேயே சந்தேகப் பார்வை தங்கள்மேல் விழுவது, பலகையில் இருப்பதைப் பார்த்தெழுதியே பாடவேளை கழிவது என்று அவர்கள் சொன்னவை மிகச் சாதாரணமானவை. ஆனால் நாள்தோறும் நடப்பவை. ஓர் ஆசிரியரின் வகுப்பில் அடங்காதவர்களாக இருக்கும் தாங்கள் இன்னொருவரின் வகுப்பில் ஆர்வமாகப் படிப்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வீடுதான் முழுக் காரணம் என்றால், ஒரே நாளில் ஒரே மாணவர் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வதை எப்படி விளக்குவது?

வீட்டைக் காரணமாகச் சொல்லும் ஆசிரியருக்கு, அந்த விளக்கத்தின்படி, செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மாணவர் சொன்ன காரணமோ மறுநாள் காலையிலேயே மாற்றத்தக்கது. என் பார்வையில், இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான்.

[காட்சி: வட்டமாக அமர்ந்து வாசிக்கும் ஆசிரியர்கள்.]

இந்த ஆய்வோடு 'டே கோட்டஹிட்டங்கா' என்ற பெயரில் தொடங்கிய திட்டம், மாணவர்களின் அந்த வாக்குமூலங்களை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பாடமாகவே ஆக்கியது. பிறகு பயிற்சியாளர் வகுப்பில் உட்கார்ந்து, ஆசிரியர் எங்கே நிற்கிறார், மாணவரோடு உரையாடுகிறாரா, கட்டளை மட்டும் இடுகிறாரா என்று குறித்துக்கொண்டு, அதை வைத்து அவரோடு பேசினார். ஒரே வகுப்புக்கு வெவ்வேறு பாடம் எடுப்பவர்கள் கூடி, அந்த மாணவர்களின் நிலையை அலசினார்கள்.

வறுமையையும் சமூக ஏற்றத்தாழ்வையும் ஒதுக்கிவிட்டு ஆசிரியர் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வறுமை வகுப்பறை வாசலோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் மாணவரின் பெயரைப் பிழையின்றிச் சொல்லப் பழகுவதற்கு, அது தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.