கோதாவில் உடல், காதில் குரல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

"மெக்சிகோவின் லூச்சா லிப்ரே மல்யுத்தம் மக்கள் மனதில் நிற்பதற்குப் பெரிதும் காரணம் கோதாவில் மோதும் வீரரா, மைக்கில் பேசும் வர்ணனையாளரா?" இதுதான் தலைப்பு. நான் வர்ணனையாளர் கட்சி. எதிரணித் தலைவர் இப்போதுதான் பேசிவிட்டுப் போனார். "எலும்பு உடைவது வீரருக்கு, உட்கார்ந்து காபி குடிப்பது வர்ணனையாளருக்கு" என்று சொல்லிப் பலத்த கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். அடி யாருக்கு விழுகிறது என்பது தலைப்பாக இருந்தால், நான் மேடை ஏறியே இருக்க மாட்டேன்.

ஆர்துரோ ரிவேரா என்று ஒரு வர்ணனையாளர். 'எல் ருடோ' ரிவேரா என்றால்தான் மெக்சிகோவில் சட்டென்று தெரியும். லூச்சாவில் இரண்டு கட்சி உண்டு. வித்தையைக் காட்டி முறைப்படி ஜெயிக்கப் பார்ப்பவர் டெக்னிகோ. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் முகமூடியைப் பிடித்து இழுப்பவர், இடுப்புக்குக் கீழே உதைப்பவர் ருடோ. (நம் நடுவர் அப்படித் திரும்பக்கூடியவர் இல்லை, தெரியும் ஐயா.) பொதுவாக வர்ணனைக்கு உட்காருகிறவர் தன்னை நடுநிலை என்றுதான் சொல்லிக்கொள்வார். இந்த மனிதர் "நான் போக்கிரிகள் கட்சி" என்று பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "லோஸ் ருடோஸ், லோஸ் ருடோஸ், லோஸ் ருடோஸ்!" என்ற அவர் கூவல் வீட்டுக்கு வீடு பிரசித்தம். பக்கத்து நாற்காலியில் டாக்டர் அல்ஃபோன்சோ மொராலெஸ், டெக்னிகோக்களுக்காக மல்லுக்கட்டுவார். கீழே ஆறு பேர் சண்டை, மேசையில் இந்த இரண்டு பேர் சண்டை. இங்கே நாம் என்ன செய்கிறோமோ அதைத்தான் அவர்கள் வாராவாரம் டிவியில் செய்தார்கள். என்ன, தீர்ப்பு சொல்ல ஆள் கிடையாது!

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மூன்று பேருக்கு மூன்று பேர். மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டும். ஒரு டெக்னிகோ எதிர்க் கயிறுவரை ஓடி, அதில் முதுகைக் கொடுத்துத் துள்ளி, திரும்ப ஓடிவந்து, இரண்டாவது கயிற்றுக்கும் மேல் கயிற்றுக்கும் நடுவே தலையை முன்னே விட்டு வெளியே பாய்கிறார். 'டோபே சூயிசிடா' என்பார்கள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அவர் வெளியே விழுந்ததும், கையைத் தட்டி மாற்றிக்கொள்ளாமலே அவருடைய கூட்டாளி உள்ளே வரலாம். லூச்சா விதி அப்படி. கீழே ஒரு குவியல், மேலே இன்னொரு ஜோடி, மூலையில் ஒரு ருடோ யாருடைய முகமூடி முடிச்சையோ அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. யார் பாய்ந்தது, யார் மேல் விழுந்தது, போன வாரப் பகை என்ன, முடிச்சில் கை வைத்தவன் யார்? எல்லாம் ஒரே மூச்சில் வர வேண்டும், அதுவும் கட்சி சேர்ந்து வர வேண்டும். மேசையில் உட்கார்ந்து செய்தது அந்த வேலை.

இன்னொன்று. நடிகனுக்கு முகம் உண்டு, குத்துச்சண்டைக்காரனுக்கும் முகம் உண்டு. லூச்சா வீரர்களில் பலருக்கு? முகமூடித் துணிதான். வலிக்கிறதா, சிரிக்கிறானா, சூது நினைக்கிறானா என்று கேமரா எவ்வளவு கிட்டே போனாலும் முழுசாகத் தெரியாது. முகத்தில் இல்லாத உணர்ச்சியைக் குரல்தான் கொடுக்க வேண்டும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை ஒரு குண்டு போட்டார். "1950களின் நடுவில் மெக்சிகோ நகரத்தில் லூச்சா டிவியை விட்டே போனது. பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்றார்கள். 1990களின் தொடக்கத்தில்தான் முழு வீச்சில் திரும்பியது. அத்தனை காலம் அரேனா மெக்சிகோ யாருடைய வர்ணனையால் நிறைந்தது?" என்றார். நல்ல கேள்வி. அம்மா, அந்த அரேனா மெக்சிகோ திறந்தது 1956-ல். அவ்வளவு பெரிய அரங்கம் கட்டலாம் என்ற தைரியம் லூச்சா அமைப்பாளர் சல்வடோர் லுட்டெரோத்துக்கு எங்கிருந்து வந்தது? தடைக்கு முன்னால், 1950களின் தொடக்கத்தில் டிவி திரட்டிக் கொடுத்த கூட்டத்திலிருந்து! சரி, டிவி திரும்பியதும் என்ன நடந்தது? 1992-ல் அந்தோனியோ பேன்யா தெலவிசா டிவி நிறுவனத்தின் துணையோடு ஏஏஏ என்ற லூச்சா நிறுவனத்தைத் தொடங்கினார். ரிவேராவும் மொராலெஸும் அதன் மேசைக்கு வந்தார்கள். 1993 ஏப்ரலில் ஏஏஏவின் பெரிய விழாவான டிரிப்லேமேனியா முதல் முறையாக, காளைச் சண்டை நடக்கும் பிளாசா மெக்சிகோவில். வந்தவர்கள் 40,000-க்கும் மேல். தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடுத்து எல் சான்டோ என்ற லூச்சா வீரர். சான்டோ என்றால் புனிதர். அந்தப் பெயரை எடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று எதிரணி நினைத்தது. வெள்ளி முகமூடி, 50-க்கும் மேற்பட்ட படங்கள். நானே கும்பிடுகிற ஆள்தான். ஆனால் 1942-ல் அந்த முகமூடியோடு கோதாவில் இறங்கியபோது அவர் ருடோ. அசல் போக்கிரி. 1952-ல் ஒரு ஃபோட்டோ காமிக்ஸ் இதழ் அவரை ஏழைகளைக் காக்கும் நாயகனாக்கியது. பிறகு சினிமா. கதையில் புனிதர், கோதாவில் அப்போதும் போக்கிரி! இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1962-ல் சான்டோ டெக்னிகோ ஆனார். கதை சொன்னவர்கள் முதலில் மாற்றினார்கள், கோதா பின்னால் வந்து சேர்ந்தது. டிவியில் வர்ணனையாளர் இல்லாத காலத்திலும் அந்த வேலையை வேறு யாரோ செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே சான்டோ 1984 ஜனவரியில் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி முகத்தைக் காட்டினாரே, அது எந்த கோதாவில்? கோதாவிலேயே இல்லை. ஹகோபோ சப்லுதோவ்ஸ்கி நடத்திய டிவி நிகழ்ச்சியில், ஒரு தொகுப்பாளருக்கு எதிரே உட்கார்ந்து. அடுத்த மாதம் 5-ஆம் தேதி அவர் இறந்தார், முகமூடியோடுதான் புதைத்தார்கள். வாழ்நாள் முழுக்கக் காத்த முகத்தைக் காட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் கட்சி ஆபீஸ், ஐயா!

ரிவேரா, மொராலெஸ் இருவருமே 2020-ல் காலமானார்கள். லூச்சா இன்றும் நடக்கிறது, எதிரணி மூன்றாவது பேச்சாளர் அதைச் சொல்லத்தான் துடிக்கிறார். நடக்கட்டும். அங்கே இன்றும் மேசை இருக்கிறதா, மைக் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். மணிக்குப் பிறகும் அடிக்கிறவன் ருடோ. எனக்கு ரிவேராவைத்தான் பிடிக்கும், ஆனாலும் இன்றைக்கு மட்டும் டெக்னிகோவாக இறங்கிக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.