அந்த ‘அண்ட்’ எங்கேருந்து வந்துச்சு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு ஒரே ஒரு வரியப் பத்தித்தான் பேசப்போறேன். ‘செம்புலப் பெயல்நீர் போல’. குறுந்தொகைல 40வது பாட்டு, மொத்தமே அஞ்சு வரி. செம்மண்ணுல பெஞ்ச மழைத்தண்ணி மாதிரி நம்ம நெஞ்சு ரெண்டும் கலந்துடுச்சுன்னு ஒரு காதலன் காதலிகிட்ட சொல்றான். எழுதுனவரோட சொந்தப் பேரு நமக்குக் கிடைக்கல, அவரு சொன்ன உவமையவே பேரா வச்சு செம்புலப்பெயனீரார்னு கூப்பிட்டுட்டாங்க.

எங்க அக்கா பொண்ணு டொராண்டோல வளந்தவ, தமிழ் நல்லா பேசுவா, படிக்கிறதுதான் கொஞ்சம் தடுமாறும். அவ ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, ‘சித்தி, அந்த ரெட் எர்த் அண்ட் போரிங் ரெய்ன் கவிதைல மண்ணு யாரு, மழை யாரு, பையன்தான் மழையா?’ன்னு கேட்டா. எனக்கு சட்டுன்னு பதில் வரல. ஏன்னா இத்தனை வருஷமா இந்தப் பாட்ட தமிழ்ல படிச்சவங்க யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதே இல்ல.

அவ படிச்சது ஏ.கே. ராமானுஜனோட மொழிபெயர்ப்பு. மைசூர்ல பொறந்து, வீட்டுல தமிழும் வெளில கன்னடமும் பேசி வளந்து, சிகாகோ யுனிவர்சிட்டில வாத்தியாரா இருந்தவரு, 1967ல ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’னு குறுந்தொகைப் பாட்டுகள இங்கிலீஷ்ல கொண்டுவந்தாரு. இந்த ஒரு வரி அங்க அவ்வளவு பிரபலமாச்சு, பின்னாடி விக்ரம் சந்திரா தன்னோட நாவலுக்கே அத தலைப்பா வச்சாரு.

போன வச்சதும் பாட்ட எடுத்து மறுபடி படிச்சேன். யாயும் ஞாயும், அதாவது எங்க அம்மாவும் உங்க அம்மாவும். எந்தையும் நுந்தையும். யானும் நீயும். பாருங்க, மூணு வரிலயும் ‘உம்’ ‘உம்’னு ரெண்டு ரெண்டு பேரா தனித்தனியா நிக்கிறாங்க, இவங்களுக்குள்ள ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொல்ற வரிங்க அதுங்க. நாலாவது வரிக்கு வந்தா அந்த உம்மையே காணோம்! செம்மை, புலம், பெயல், நீர், நாலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா போயி ஒரே சொல்லா ஒட்டிக்கிட்டு நிக்குது. கடைசில நிக்கிறது நீர். செவந்த நெலத்துல பெஞ்ச மழைத்தண்ணி, அவ்வளவுதான். கலந்துட்டாங்கன்னு அடுத்த வரில சொல்றதுக்கு முன்னாடியே இலக்கணம் கலந்து காட்டிருச்சு. இங்கிலீஷ்ல சரியா அந்த எடத்துலதான் ‘அண்ட்’ வந்து உக்காந்திருக்கு, எர்த் ஒண்ணு ரெய்ன் ஒண்ணுன்னு ரெண்டாயிடுச்சு, அதனாலதான் எங்க பொண்ணுக்கு யாரு எதுன்னு கேக்கத் தோணிருக்கு.

இன்னொண்ணு. போரிங்னா மழை இப்ப கொட்டிக்கிட்டிருக்கு. பாட்டுல இருக்கிறது பெஞ்சு முடிஞ்ச தண்ணி. நான் புதுக்கோட்டைப் பக்கம், எங்க ஊரு செம்மண்ணுல ஒரு மழை விட்டதும் வண்டித்தடத்துல தேங்கி நிக்கிற தண்ணியப் பாத்தா தெரியும், வானத்துலேருந்து வந்தப்ப நெறமே இல்லாத தண்ணி, கையில அள்ளுனா காவியா இருக்கும், இனிமே எது தண்ணி எது மண்ணுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. ‘கலந்தனவே’ன்னு அவன் நடந்து முடிஞ்ச விஷயமாத்தான் சொல்றான்.

இதையெல்லாம் வச்சு ராமானுஜன் தப்பு பண்ணிட்டாருன்னு நான் சொல்லவே மாட்டேன். அந்த நாலு சொல்ல அப்படியே இங்கிலீஷ்ல போட்டா வானிலை அறிக்கை மாதிரி ஆயிடும், கவிதையா நிக்காது. அதோட அவரு செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘மிங்கிள்ட் பியாண்ட் பார்ட்டிங்’னு முடிக்கிறாரு, பிரிக்க முடியாதபடி கலந்துச்சுன்னு. பாட்டுல பிரிவுங்கற சொல்லே கிடையாது. ஆனா பாட்டுக்குக் கீழ துறைன்னு ஒரு குறிப்பு இருக்கும்ல, அதுல இருக்கு. இவன் நம்மள விட்டுப் பிரிஞ்சுடுவானோன்னு அவ பயப்படுறா, அவ மொகம் மாறுனதப் பாத்துட்டு தலைவன் சொன்னதுன்னு இருக்கு. தமிழ்ல படிக்கிறவங்க அந்தக் குறிப்போட படிப்போம், இங்கிலீஷ்ல படிக்கிறவங்களுக்கு அந்தப் பயம் தெரியாமலே போயிடும்னு அவரு அத ரெண்டே வார்த்தையா பாட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சதாத்தான் நான் நெனைக்கிறேன். கலந்ததுல போயி முடியுற அந்த முடிவையும் விடல, கடைசிலதான் வச்சாரு.

எனக்கு நெஜமாவே வருத்தம் வேற ஒரு சொல்லுல. ‘எம்முறைக் கேளிர்’, எந்த முறையில சொந்தக்காரங்கன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல ‘கின்’னு, அதாவது சொந்தம்னு வருது, கேளிர் வந்துடுச்சு, முறை வரல. நம்ம வீட்டு விசேஷத்துல புதுசா ஒருத்தரப் பாத்தா ‘நீங்க எனக்கு என்ன முறை வேணும்?’னுதான மொதல்ல கேப்போம், முறை தெரிஞ்சாத்தான் அண்ணனா மாமாவான்னு கூப்பிடவே முடியும், கட்டிக்கிற முறையா கட்டக்கூடாத முறையான்னு எல்லாமே அதுக்குள்ள இருக்கு. அந்தப் பையன் கேக்குற கேள்வி அதுதான். எந்த முறையும் இல்லாத நாம எப்படி ஒண்ணானோம்?

இத அவகிட்ட சொன்னப்ப ‘அப்ப நீங்க எனக்கு சித்தி முறை, அந்த முறையா?’ன்னு கேட்டா. ஆமா, அதேதான்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவளே அஞ்சு வரியையும் இங்கிலீஷ்ல எழுதி வாட்ஸப்ல அனுப்பிருந்தா. ‘அண்ட்’ அப்படியே இருந்துச்சு, அது இல்லாம எழுத வரல சித்தின்னு கீழ போட்டிருந்தா. ஆனா முறைங்கற சொல்ல மட்டும் மாத்தாம தமிழாவே விட்டிருந்தா. நான் அதுல கை வைக்கல.

வணக்கம்.